272 படிகளும் பொலோஞாவின் ரயில்களும்

பத்துமலையின் 272 படிகளில் ஏறுவதை என் அம்மா நிறுத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போதெல்லாம் தைப்பூசக் கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய வாரமே கொமுட்டர் ரயிலில் போய், கீழே முருகன் சிலைக்கு முன்பு நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார். முழங்கால் தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலே போக முடியவில்லையே என்பதுதான் அவருடைய குறை. ஆகவே சென்ற ஆண்டு நானும் அம்மாவும் 15 வயதான என் மகளும் இத்தாலிக்குப் போவதென்று முடிவானபோது, எந்த நகரத்தில் தங்குவது, அங்கிருந்து ரயிலில் எந்தெந்த ஊர்களுக்குப் போய்வருவது என்ற கேள்விக்கு நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் அந்த 272 படிகள்தான். அம்மாவை மூச்சு வாங்க ஏறவைக்கும் ஊர் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் எங்கள் பட்டியலில் அதற்கு இடமில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை பெட்டி கட்டி விடுதி மாறுவது வயதானவர்களோடு போகும்போது ஒத்துவராது. ஒரே நகரத்தில் ஏழு இரவு தங்கி, காலையில் கிளம்பி, மாலையில் அதே அறைக்கு, அதே கட்டிலுக்குத் திரும்புவதுதான் எங்களுக்குச் சரி. கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்தவர்கள் பலரும் ரோமில் தங்கச் சொன்னார்கள். சிலர் ஃபுளோரன்ஸ் என்றார்கள். இரண்டையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். ரோமிலிருந்து ஓர்வியேட்டோ, ஃபுளோரன்ஸிலிருந்து சியேனா, கொர்த்தோனா என்று எல்லோரும் பரிந்துரைக்கும் ஊர்கள் ரயிலில் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அவை குன்றின்மேல் அமர்ந்த ஊர்கள். பழங்காலத்தில் பாதுகாப்புக்காக உயரத்தில் ஊரைக் கட்டினார்கள். பிற்பாடு வந்த ரயில் பாதையோ பள்ளத்தாக்கின் வழியாகப் போனது. அதனால் நிலையம் அடிவாரத்திலும் ஊர்ச் சதுக்கம் உச்சியிலும் நிற்கின்றன. ஓர்வியேட்டோவில் நிலையத்துக்கு எதிரிலிருந்தே கம்பிவட ரயில் மேலே ஏற்றிவிடுகிறது. சியேனாவில் நகரும் படிக்கட்டுகள் இருக்கின்றன. மேலே போன பிறகும் கல் பாவிய சரிவான தெருக்கள் விடுவதில்லை. பலரும் ஆசைப்படும் சான் ஜிமிஞானோவுக்கு ரயிலே கிடையாது. பொஜிபோன்சியில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

ரயில் எத்தனை நிமிடத்தில் போய்ச்சேரும் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். நிலையத்தில் இறங்கிய பிறகு ஊரின் நடுப்பகுதிக்கு எப்படிப் போவது, அந்த வழி சமதளமா சரிவா என்பதைச் சொல்பவர்கள் குறைவு. முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்வியே முக்கியமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் கேள்வியோடு தேடியபோதுதான் வட இத்தாலி நகரமான பொலோஞா என் கண்ணில் பட்டது.

கி.மு. 187-இல் மார்க்கஸ் ஏமிலியஸ் லெப்பிடஸ் என்ற ரோமானிய ஆட்சியாளர், கடலோரம் இருக்கும் ரிமினியிலிருந்து பியாச்சென்ஸா வரை ஒரு நேர்ச்சாலையை அமைத்தார். ஏமிலியா சாலை என்பது அதன் பெயர். அந்த வட்டாரத்துக்கே அந்தப் பெயர்தான் நிலைத்தது. போ ஆற்றுச் சமவெளியின் தென்னோரத்தில், அப்பெனைன் மலையடிவாரத்தை ஒட்டி அது ஓடுகிறது. ரிமினி, ஃபோர்லி, ஃபயென்ஸா, இமோலா, பொலோஞா, மோடெனா, ரெஜ்ஜோ, பார்மா, பியாச்சென்ஸா என்று நூலில் கோத்த மணிகளைப் போல ஊர்கள் அதன்மேல் வரிசையாக அமைந்திருக்கின்றன. பின்னாளில் ரயில் பாதையையும் அந்தச் சாலையை ஒட்டியே போட்டார்கள். பொலோஞாவில் வடக்கே வெனிஸ், வெரோனா பக்கம் போகும் பாதைகளும் தெற்கே ஃபுளோரன்ஸ் போகும் பாதையும் இதனோடு கூடுகின்றன. ஃபெராராவும் ரவென்னாவும் அந்தச் சாலையில் இல்லாவிட்டாலும் அதே சமவெளியில்தான் இருக்கின்றன. மோடெனாவுக்கு அரை மணிக்கும் குறைவு, ஃபெராராவுக்கு அரை மணி முதல் முக்கால் மணி, பார்மாவுக்கு ஏறத்தாழ ஒரு மணி, ரவென்னாவுக்கு ஒன்றேகால் மணி. எல்லா ஊர்களிலும் நிலையம் பழைய நகரத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. அங்கிருந்து சமதளத்தில் பத்து இருபது நிமிடம் நடந்தால் சதுக்கம் வந்துவிடும்.

அம்மாவிடம் வரைபடத்தைக் காட்டி இதைச் சொன்னபோது, "நம்ம தைப்பிங், ஈப்போ, கம்பார் மாதிரி ஒரே கோட்டுல இருக்குது" என்றார். அவருக்கு அது உடனே பிடிபட்டதில் எனக்கு வியப்பில்லை. தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். அம்மா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட முதல் தண்டவாளம் தொடங்கி, மலாயாவின் ரயில் பாதைகளில் தமிழர்களின் உழைப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் கேட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. சன்னலோரத்தில் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டே போவது அம்மாவுக்குப் பயணத்தின் ஒரு பகுதி அன்று, பயணமே அதுதான்.

மகள் வேறொன்று கேட்டாள். பொலோஞாவிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் நாற்பது நிமிடம்கூட ஆகாது. வெனிஸுக்கு ஒன்றரை மணி. பக்கத்தில் இருக்கும்போது ஏன் போகக்கூடாது? நியாயமான கேள்வி. நான் மறுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. 2009-இல் திறக்கப்பட்ட அந்த அதிவேகப் பாதையின் நீளம் சுமார் 78 கி.மீ.; அதில் 73 கி.மீ.க்கும் மேல் மலையைக் குடைந்த சுரங்கம். மலையைக் கடக்கிறோம் என்று தெரியும், மலை கண்ணுக்குத் தெரியாது. அதுகூடப் பரவாயில்லை. ஃபுளோரன்ஸ் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரக்கூடிய ஊர் அன்று. உஃபீஸி கலைக்கூடத்துக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்து, அதைத் தொட்டுப் பேராலயம், பாலம், சதுக்கம் என்று ஓடினால் மாலையில் நினைவில் நிற்பவை வரிசைகள் மட்டுமே. வெனிஸில் 2024 முதல் நெரிசலான சில நாட்களில், அன்றே வந்து அன்றே திரும்புகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். பகல்நேரக் கூட்டம் அந்த ஊருக்குச் சுமையாகிவிட்டது என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை. இவை இரண்டும் இரவு தங்கிப் பார்க்க வேண்டிய ஊர்கள். அடுத்த முறை அவற்றுக்காகவே போவோம் என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு பகலில் மனம் நிறையப் பார்த்து முடிக்கக்கூடிய ஊர் எது என்பது வேறு கேள்வி. அதற்கான விடைகள் ஃபெராரா, ரவென்னா, மோடெனா போன்ற இரண்டாம் வரிசை ஊர்கள்தான்.

ரயில் சீட்டு வாங்குவதில் நம் நாட்டுப் பழக்கத்தைச் சற்று மறக்க வேண்டியிருந்தது. தீபாவளிக்கு ஈப்போவுக்கோ பினாங்குக்கோ போக வேண்டுமென்றால் வாரக்கணக்கில் முன்பே சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் நாம். அதே பழக்கத்தில் நான் புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே, நான்கு பயணங்களுக்கும் போக வர எல்லாச் சீட்டுகளையும் வாங்கிவிட எண்ணியிருந்தேன். விசாரித்தபோதுதான் வேறுபாடு விளங்கியது. ஃபிரெச்சாரொஸ்ஸா, இத்தாலோ போன்ற அதிவேக ரயில்களில் இருக்கை எண்ணோடு சீட்டு தருகிறார்கள்; முன்கூட்டி வாங்கினால் விலை குறைவு, நாள் நெருங்க நெருங்க ஏறும். ரெஜியோனாலே எனப்படும் வட்டார ரயில்கள் அப்படி அல்ல. தூரத்தைப் பொறுத்து ஒரே கட்டணம். பல நாட்களுக்கு முன்பு வாங்கினாலும் ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு வாங்கினாலும் அதே விலை. இருக்கை எண் இல்லை. கிடைத்த இடத்தில் உட்காரலாம். எங்கள் நான்கு ஊர்களுக்கும் வட்டார ரயிலே போதும் என்பதால் எதையும் முன்பே வாங்கவில்லை. அன்றன்று காலையில் அம்மாவின் முழங்காலையும் வானத்தையும் பார்த்துவிட்டு எங்கே போவதென்று தீர்மானிக்கும் உரிமை எங்கள் கையில் இருந்தது. பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இந்த உரிமை எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அனுபவித்துத்தான் உணர முடியும்.

அந்த நிம்மதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. காகிதச் சீட்டாக வாங்கினால், நடைமேடை முகப்பில் பொருத்தியிருக்கும் சிறு இயந்திரத்தின் வாயில் சீட்டைச் செருகி நாளும் நேரமும் அச்சாகும்படி செய்துவிட்டுத்தான் ஏற வேண்டும். செயலியில் வாங்கினால் புறப்படுவதற்கு முன்பு செக்-இன் பொத்தானை அழுத்த வேண்டும். பணம் கட்டி வாங்கிய சீட்டு கையில் இருந்தாலும் இதைச் செய்யாதவர் சீட்டில்லாதவராகவே கருதப்படுவார், அபராதம் உண்டு. கே.எல். சென்ட்ரலில் அட்டையைத் தட்டினால்தான் கதவு திறக்கும் என்பதால் நாம் மறக்க வாய்ப்பே இல்லை. அங்கே வட்டார ரயிலுக்குப் பல நிலையங்களில் கதவே கிடையாது, ஆகையால் மறந்துவிடுவது மிக எளிது.

முதல் நாள் ஒரு ரயிலைத் தவறவிட்டோம். பிழை என்னுடையதுதான். பொலோஞா மத்திய நிலையத்தில் சாதாரண நடைமேடைகளுக்கு அப்பால், கிழக்கு முனையிலும் மேற்கு முனையிலும் தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடும் முட்டுநடைமேடைகள் தனித்தனியாகச் சில இருக்கின்றன. பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் 'எஸ்ட்' என்று இருந்தால் கிழக்கு, 'ஓவெஸ்ட்' என்று இருந்தால் மேற்கு. வெறும் 3 வேறு, 3 ஓவெஸ்ட் வேறு. நான் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அம்மாவை மூன்றாம் நடைமேடையில் உட்காரவைத்தேன். ரயில் வேறொரு மூலையிலிருந்து கிளம்பிப் போய்விட்டது. அதிவேக ரயில்களோ நிலத்துக்கு அடியில், 16 முதல் 19 வரையுள்ள நடைமேடைகளில் நிற்கின்றன. அங்கே இறங்கிப் போகவே பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். இன்னொன்று: பலகையில் நாம் போகும் ஊரின் பெயர் இருக்காது, ரயில் கடைசியாகப் போய்ச்சேரும் ஊரின் பெயர்தான் இருக்கும். மோடெனாவுக்குப் போகிறவர் பியாச்சென்ஸாவையோ மிலானையோ தேட வேண்டும். ஃபெராராவுக்குப் போகிறவர் வெனிஸைத் தேட வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாள் புறப்படும் ரயில்களுக்கு, வெள்ளைத் தாள் வந்துசேரும் ரயில்களுக்கு. அந்த மஞ்சள் தாளில் வழியில் நிற்கும் ஊர்களின் பெயர்களும் அச்சிட்டிருப்பதால், எனக்குக் கைப்பேசியைவிட அதுவே அதிகம் உதவியது.

அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தபோது மகள்தான் அந்தக் கடிகாரத்தைக் கவனித்தாள். நிலையத்தின் வெளிச்சுவரில் அது 10:25 என்று காட்டிக்கொண்டு நின்றிருந்தது. 1980 ஆகஸ்ட் 2-ஆம் நாள் காலை அந்த நேரத்தில், இரண்டாம் வகுப்புப் பயணிகளின் காத்திருப்பு அறையில் வைத்த குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். 200-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அதன் நினைவாக முள்ளை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே இறந்தவர்களின் பெயர்களும் வயதுகளும் பொறித்த பலகை இருக்கிறது. அம்மா அந்த வயதுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். விடுமுறைக்குப் போவதற்காக எங்களைப் போலவே ரயிலுக்குக் காத்திருந்தவர்கள். அதன்பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தக் கடிகாரத்தைக் கடக்கும்போது அம்மா ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நடந்தார்.

திங்கட்கிழமை ரவென்னா. நாளைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: இத்தாலியில் அருங்காட்சியகங்கள் பல திங்களன்று மூடியிருக்கும், ரவென்னாவில் நாங்கள் பார்க்க விரும்பியவையோ பெரும்பாலும் தேவாலயங்கள். 402-இல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரம் அங்கே மாறியது. அதன்பின் ஜெர்மானிய இனத்தவரான கோத்தியர் ஆண்டார்கள். 540-இல் கிழக்கு ரோமப் பேரரசினரான பைசாந்தியரின் கைக்குப் போனது. அந்தக் காலத்தில் எழுந்த, பெரும்பாலும் கண்ணாடிச்சில்லு ஓவியங்களைக் கொண்ட எட்டுக் கட்டடங்களை 1996-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. நிலையத்திலிருந்து ஃபரீனி சாலை நேராக ஊருக்குள் போகிறது. ஒரு படிகூட ஏறவில்லை.

547-இல் திருநிலைப்படுத்தப்பட்ட சான் விட்டாலே ஆலயத்தில், பீடத்தின் இருபுறச் சுவர்களிலும் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் தங்கள் பரிவாரத்தோடு நிற்கிறார்கள். அரசியின் ஊதா அங்கியின் கரையில், குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை சுமந்து நடக்கும் மூன்று ஞானிகளை நெய்ததுபோல் காட்டியிருப்பதை மகள் கண்டுபிடித்து அம்மாவுக்குக் காட்டினாள். பட்டுப்புடவைக் கரையில் யானையும் அன்னமும் வருவதைப் போல என்று அம்மா சொன்னார். அருகில் போய்ப் பார்த்தால் சில்லுகள் சுவரில் ஒரே மட்டமாகப் பதிக்கப்படவில்லை என்பது தெரிகிறது. ஒவ்வொன்றும் சற்றுச் சாய்வாக, வெவ்வேறு கோணத்தில் இருக்கிறது. பொன்னிறச் சில்லுகளில் மெல்லிய பொன்தகட்டை இரண்டு கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள். அதனால் நாம் ஓரடி நகர்ந்தாலும் ஒளியும் நம்மோடு நகர்கிறது. ஜொகூர் பாருவில் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குள் நுழைந்தபோது இப்படித்தான் இருந்தது என்று அம்மா நினைவுகூர்ந்தார்.

அதே வளாகத்தில், புல்வெளிக்கு அப்பால், வெறும் செங்கல்லால் கட்டிய சிறிய கட்டடம் ஒன்று இருக்கிறது. ரோமப் பேரரசி காலா பிளாச்சிடியாவின் கல்லறை மண்டபம் என்று பெயர். வெளியே நின்று பார்த்தால் அதற்குள் போக யாருக்கும் தோன்றாது. உள்ளே முதலில் ஒன்றும் தெரியவில்லை. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய அலபாஸ்டர் கல்தகடுகள், அவற்றின் வழியே தேன் நிறத்தில் வெளிச்சம் கசிகிறது. கண் பழகியதும் தலைக்கு மேலே ஆழ்ந்த நீலம், அதில் வட்டவட்டமாகப் பொன் நட்சத்திரங்கள், நடுவே ஒரு பொற்சிலுவை. நிலம் அமிழ்ந்ததால் தரையைப் பிற்காலத்தில் உயர்த்தியிருக்கிறார்கள். ஆகையால் அந்த வானம் தொட்டுவிடும் உயரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு பக்கம் கிண்ணத்தின் விளிம்பில் நீர் குடிக்கும் புறாக்கள், இன்னொரு பக்கம் கொடிகளுக்கு நடுவே தாகம் தீர்க்க வந்த மான்கள். உள்ளே ஈரப்பதம் மாறிவிடக்கூடாது என்பதால் ஒரு குழுவுக்கு ஐந்து நிமிடம்தான் அனுமதி. அதற்கு நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்திருக்க வேண்டும். ரயிலுக்கு முன்பதிவு தேவைப்படாத அந்தப் பயணத்தில் முன்பதிவு கேட்டது அந்த ஐந்து நிமிடம் ஒன்றுதான். அம்மாவின் கண் இருட்டுக்குப் பழகவே அதில் பாதி போய்விட்டது. மான்களைப் பார்த்தாரா என்று வெளியே வந்து கேட்டேன். "எங்க இருந்துச்சு?" என்றார்.

அன்று மாலை தாந்தேயின் சமாதிக்கும் போனோம். பிறந்த ஊரான ஃபுளோரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்ட அந்தக் கவிஞர் 1321-இல் ரவென்னாவில் இறந்தார். உடலைத் திருப்பித் தரும்படி ஃபுளோரன்ஸ் எவ்வளவோ கேட்டும் ரவென்னா தரவில்லை. உள்ளே எரியும் விளக்குக்கு ஆண்டுதோறும் செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் நகரமே எண்ணெய் கொண்டுவந்து தருகிறது. விலக்கியவனின் விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் அந்த ஊரை நினைத்து எனக்கு நெஞ்சு கனத்தது.

செவ்வாய்க்கிழமை ஃபெராரா. நிலையத்திலிருந்து காவூர் சாலை வழியாக இருபது நிமிடம் நேரே நடந்தால், அகழியில் நீரோடு நிற்கும் எஸ்தே கோட்டை. 1385-இல் கட்டத் தொடங்கியது. அந்த ஊர் சைக்கிளின் ஊர். வயதான பெண்கள்கூட காய்கறிக் கூடையோடு சைக்கிளில் போவதைப் பார்த்து அம்மா மகிழ்ந்துபோனார். மகள் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒன்பது கி.மீ. நீளமுள்ள மதில்மேட்டைச் சுற்றப் போனாள். நானும் அம்மாவும் வைர மாளிகை வரை மெல்ல நடந்தோம். சுவர் முழுவதும் பட்டை தீட்டிய வைரத்தைப் போலச் செதுக்கிய ஏறத்தாழ 8,500 சலவைக்கற்கள். மாலை வெயில் சாய்ந்தபோது ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போவது நம்மவர்களுக்குச் செய்யும் குறை. எமிலியா வட்டாரம் இறைச்சிக்குப் பெயர்போனது. பொலோஞாவின் புகழ்பெற்ற ரகூ குழம்பில் மாட்டிறைச்சி இருக்கிறது, தொர்த்தெல்லினி என்ற பூரணம் வைத்த பாஸ்தாவுக்குள் பன்றியிறைச்சி. வெளித்தோற்றத்தில் சாதாரண ரொட்டியாகத் தெரியும் பியாதீனாவையும் ஃபெராராவின் முறுக்கிய கொப்பியா ரொட்டியையும் மரபாகப் பன்றிக்கொழுப்புச் சேர்த்தே செய்கிறார்கள். ஆலிவ் எண்ணெயில் செய்த பியாதீனாவும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் பாலை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். செவ்வாயும் வெள்ளியும் சைவம் காக்கும் அம்மாவுக்கு இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன், அவர் அந்த இரண்டு நாளும் அதைத் தொடவில்லை. பாலாடைக்கட்டியே இல்லாமல், தக்காளியும் பூண்டும் மட்டும் போட்ட மரினாரா பீட்சா அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது. ஃபெராராவில் பூசணிக்காயை உள்ளே வைத்த கப்பெல்லாச்சி பாஸ்தா கிடைக்கும். அதன்மேல் ரகூ ஊற்றாமல் வெண்ணெயும் சேஜ் இலையும் போதும் என்று சொல்ல வேண்டும்; உள்ளே பாலாடைக்கட்டியும் இருக்கும் என்பதால் நானும் மகளும் மட்டும் சாப்பிட்டோம். 'சென்ஸா கார்னே' என்றால் இறைச்சி வேண்டாம், 'சென்ஸா ஸ்த்ரூத்தோ' என்றால் பன்றிக்கொழுப்பு வேண்டாம். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

புதன்கிழமை ரயில் வேலைநிறுத்தம். அங்கே வேலைநிறுத்தத்தைப் பல நாட்களுக்கு முன்பே அறிவித்தாக வேண்டும் என்பது சட்டம். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் குறைந்தபட்ச அளவில் ஓட வேண்டும் என்பதும் விதி. துணிந்தவர்கள் அந்த நேரங்களில் போய்வரலாம். நாங்கள் பொலோஞாவிலேயே இருந்துவிட்டோம், அதுவும் நல்ல நாளாகவே அமைந்தது. நகரத்தில் மொத்தம் 62 கி.மீ. நீளத்துக்கு, தெருவோரமாகக் கூரை வேய்ந்த வளைவு நடைகள் ஓடுகின்றன. 2021-இல் அவையும் உலக மரபுச் சின்னமாயின. அன்று மழை. குடை விரிக்காமலே விடுதியிலிருந்து மஜ்ஜோரே சதுக்கம் வரை போனோம். நம் கடைவரிசைகளின் ஐந்தடி நடைபாதையை யாரோ உயர்த்தி, தூண் நிறுத்தி, ஊர் முழுக்க நீட்டிவிட்டதைப் போல இருந்தது.

வியாழக்கிழமை மோடெனா. 1099-இல் தொடங்கிய பேராலயத்தையும் பக்கத்திலிருக்கும் கிர்லந்தீனா கோபுரத்தையும் பார்த்துவிட்டு, பால்சாமிக் எனப்படும் மரபுவழிப் புளிக்காடி செய்யும் ஒரு வீட்டின் பரணுக்குப் போனோம். திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, வெவ்வேறு மரங்களால் செய்த, ஒன்றைவிட ஒன்று சிறிய பீப்பாய்களில் ஆண்டுக்கு ஆண்டு மாற்றி ஊற்றுகிறார்கள். குறைந்தது 12 ஆண்டு, உயர்ந்த வகை என்றால் 25 ஆண்டு. கோடை வெயிலும் குளிர்காலக் குளிரும் மாறிமாறிப் பட வேண்டும் என்பதற்காகவே பரணில் வைக்கிறார்கள். பெண் குழந்தை பிறந்தால் ஒரு பீப்பாய் வரிசையைத் தொடங்கி, திருமணத்தின்போது அவளுக்குச் சீராகக் கொடுக்கும் வழக்கம் இருந்ததாக அந்த வீட்டுப் பெண் சொன்னதை நான் மொழிபெயர்த்தபோது அம்மா என் மகளைப் பார்த்துச் சிரித்தார். கரண்டியில் ஊற்றித் தந்த துளி, பழம்புளியின் நிறத்தில், தேனைப் போல மெல்ல நகர்ந்தது.

வெள்ளிக்கிழமைக்குப் பார்மாவை வைத்திருந்தேன். இளஞ்சிவப்புச் சலவைக்கல்லால் ஆன எண்கோண ஞானஸ்நான மண்டபம், கொர்ரெஜ்ஜோ தீட்டிய பேராலயக் குவிமாடம் என்று நிறையப் படித்துவைத்திருந்தேன். காலையில் நிலையத்துக்குள் நுழைந்தபோது அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அந்த மானை நான் பாக்கலம்மா" என்றார்.

பார்மாவுக்கு நாங்கள் சீட்டு வாங்கியிருக்கவில்லை. ரவென்னாவின் ஐந்து நிமிடத்துக்கு இடம் இருக்கிறதா என்று மகள் கைப்பேசியில் பார்த்தாள், பிற்பகலில் இருந்தது. மஞ்சள் தாளில் அடுத்த ரயிலைத் தேடி, எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இந்த முறை இருமுறை படித்தேன்.

மண்டபத்துக்குள் போவதற்கு முன்பு, வாசலுக்கு வெளியே அம்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னாள் மகள். எங்கள் முறை வந்ததும் பாட்டியின் கையைப் பிடித்து, கண்ணைத் திறக்கவிடாமலே உள்ளே அழைத்துப்போய், மான்கள் இருக்கும் வளைவுக்கு நேர் எதிரே நிறுத்தினாள். "இப்ப தொறங்க பாட்டி." அம்மா திறந்தார். காவலர் நேரம் முடிந்தது என்று மெல்லச் சொல்லும் வரை அவர் தலையைத் தாழ்த்தவே இல்லை.